கீழ பாரு

திரையில் பச்சைக் கோடுகள் இடமிருந்து வலமாகக் குட்டையாகிக்கொண்டே போயின, போகட்டும், குட்டையாகத்தான் வேண்டும், அதற்குத்தானே காலையிலிருந்து இந்தப் பாடு என்று அரசி தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மேஜைமேல் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தால் மட்டும் அடிக்காதா என்ன. மூன்று மணிக்குக் குழந்தையை உள்ளே கூப்பிடுவார்கள் என்று மாறன் சொல்லியிருந்தான். இப்போது மூன்று தாண்டியிருக்கும், மணி பார்க்க வேண்டாம், பார்த்தால் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று மனசு ஓடும், ஓடாமலிருக்கத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. கோடுகளைப் பார். எஃகுப் பாத்திரத்துக்குள், திரவ நைட்ரஜனின் குளிர் ஆவியில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கண்ணாடித் துண்டு தொங்குகிறது. அதன் தலையில் பசை வைத்து ஒட்டிய படிக வில்லை, நெற்றிப் பொட்டு அளவுதான் இருக்கும். அதற்கு ஒரு மின்துடிப்பு கொடுத்தால் நொடிக்குப் பத்துக் கோடி தடவை நடுங்கும். அந்த நடுக்கம்தான் ஒலி, ஆனால் மனிதக் காதுக்கு எட்டாத ஒலி, நாய்க்கும் எட்டாது, வௌவாலுக்கும் எட்டாது. அது கண்ணாடிக்குள் ஓடி அடிமுனையில் முட்டித் திரும்பி வந்து வில்லையைத் தட்டும், திரையில் ஒரு கோடு எழும். மறுபடி ஓடும், மறுபடி வரும், இன்னொரு கோடு, முந்தியதைவிடக் குட்டையாக. எவ்வளவு குட்டை என்று அளந்தால் கண்ணாடி அந்த ஒலியில் எவ்வளவைத் தின்றது என்று தெரிந்துவிடும். அரசியின் தொழில் இவ்வளவுதான். கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே இதைத்தான் செய்கிறாள், இதற்குத்தான் டாக்டர் பட்டம், திருச்சிக்கு வெளியே இந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை, வாசலில் முழுப்பெயர் எழுதிய பலகை, முனைவர் மங்கையர்க்கரசி, ஒலியியல். ஒலியியலாம். இன்று காலை அந்தப் பலகையைப் பார்த்துவிடக் கூடாதென்று பூட்டையே பார்த்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

"மேடம், பாப்பாவுக்கு இன்னைக்கு ஏதோ டெஸ்டுன்னு சார் சொன்னாரே, நீங்க போகலையா?" என்று சகாயராஜ் மதியச் சாப்பாடு முடிந்து கை துடைத்துக்கொண்டே கேட்டார். சகாயராஜ் இந்த ஆய்வுக்கூடத்தின் உதவியாளர், நைட்ரஜன் ஊற்றுவது, பம்பைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்தான். மாறன் காலையில் அவள் போனில் கிடைக்காமல் துறைத் தொலைபேசிக்கு அடித்து அவரிடம் சொல்லித் தொலைத்திருக்கிறான். "இது பாட்டுக்கு ஓடும் மேடம், நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க." அரசி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இல்ல சகாயராஜ், நான் இருந்தாகணும்" என்றாள், கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்தது, அவர் பம்புப் பக்கம் போய்விட்டார். இது பாட்டுக்கு ஓடும். ஆமாம், ஓடும், அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கண்ணாடி ஒரு டிகிரி குளிர்ந்தால் கணினியே அளந்து வைத்துக்கொள்ளும், ராத்திரி பூட்டிவிட்டுப் போனாலும் காலையில் எல்லாம் வரிசையாக இருக்கும். ஆனால் மாறனுக்குத் தெரியாது. அவன் மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளர், அவனிடம் போய், பாதியில் விட்டால் எல்லாம் பாழ், வேறொரு நாளைக்கு நைட்ரஜன் கிடைக்காது என்று சமையலறையில் நின்றுகொண்டு அவள் அளந்தாள், அளக்கிறதுதானே தொழில். அவன் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு "சரி" என்றான். அந்தச் சரியில் ஒரு கோபமும் இல்லை, கோபம் இருந்திருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். சீட்டு வாங்க ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போக வேண்டியிருந்தது, சுசி பூப்போட்ட கவுன் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் முன்னால் நின்றாள், பள்ளிக்கூடம் லீவு என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், தெருமுனை திரும்புகிறவரை கை ஆட்டிக்கொண்டே போனாள். ஏழு வயசு. எங்கே போகிறோம் என்று கேட்டாளா, கேட்டிருப்பாள், மாறன் சொல்லியிருப்பான், அவன் சொன்னால் அவளுக்குக் கேட்கும்.

அவன் சொன்னால் கேட்கும், அங்கேதான் சிக்கிக்கொள்கிறது, எங்கே சுற்றிவந்தாலும் அங்கேதான். போன ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் சுசி ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்தாள், கதவைச் சரியாகச் சாத்தாமல் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்துவிட்டாள். கதவு திறந்திருந்தால் அந்த ஃப்ரிட்ஜ் கத்தும், கீ கீ என்று, காதைக் குத்துகிற சத்தம். அரசி குளியலறையில் துணிக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தாள், கத்துகிறது, கத்திக்கொண்டே இருக்கிறது, சுசீ என்று கூப்பிட்டாள், சுசீ கதவைச் சாத்து என்றாள், பதில் இல்லை, கையெல்லாம் நுரையோடு வந்து பார்த்தால் மகாராணி ஃப்ரிட்ஜுக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து யானைக்குத் தந்தம் வரைந்துகொண்டிருக்கிறாள். "இவ்வளவு நேரமா கத்துது, உனக்கென்ன காது செவிடா?" என்று கேட்டுக்கொண்டே கை நீண்டுவிட்டது. காது செவிடா. எத்தனை தடவை கேட்டிருப்பாள் அதை. ஊரில் எந்த அம்மா கேட்கவில்லை, எல்லா வீட்டிலும் கேட்கிறதுதான், தானும் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான், பதில் வேண்டிக் கேட்கிற கேள்வியா அது. ஆனால் இவளிடம் பதில் இருந்தது. இத்தனை நாளும் அந்தக் குழந்தை எதிரே நின்று அதற்குப் பதிலாகவே நின்றிருக்கிறது. மாறன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, சுசி அதே இடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது, அவன் பூனை மாதிரி வந்து ஃப்ரிட்ஜ் கதவை விரியத் திறந்துவிட்டு நின்றான். கீ கீ கீ. சுசி பச்சைக் கிரயானை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தாள். கீ கீ கீ. அரசி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மாறன் குழந்தையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். பிறகு தணிந்த குரலில் "அம்மாடி" என்றான். சுசி சட்டென்று திரும்பிச் சிரித்தாள்.

அந்த நிமிஷத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் வெட்கக்கேடு, தெரிந்த பிறகு அவள் பேசிய பேச்சுதான் வெட்கக்கேடு. "காதைக் காட்டிட்டு வந்துடுவோம் அரசி" என்று அவன் மெதுவாகச் சொன்னபோது, "நான் சவுண்டுலயே டாக்டரேட் வாங்கினவ, எனக்குத் தெரியாதா, அவ வேணும்னே பண்றா, நீங்க இடம் குடுத்துக் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்று வீடு அதிரச் சொன்னாள். சவுண்டில் டாக்டரேட். வருஷா வருஷம் முதல் வகுப்பில் மாணவர்களுக்கு அவள் சொல்வது என்ன? எந்தப் பொருளுக்குள் போனாலும் ஒலி தளரும், ஆனால் எல்லா ஒலியும் ஒன்றுபோலத் தளராது, அதிர்வெண் கூடக் கூடத் தளர்ச்சியும் கூடும், இரண்டு மடங்கு உயர்ந்தால் இழப்பு நாலு மடங்கு, உயர்ந்த சத்தம்தான் முதலில் சாகும் என்பாள். பையன்கள் விழிப்பார்கள். தூரத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து வீட்டுக்கு என்ன கேட்கும், தவில் கேட்கும், நாயனம் கேட்காது, அவ்வளவுதான் விஷயம் என்பாள், உடனே எல்லா முகத்திலும் வெளிச்சம் வரும், அந்த வெளிச்சத்துக்காகவே அந்த உதாரணத்தை ஒவ்வொரு வருஷமும் புதிசாகத் தோன்றியதுபோல நடித்துக்கொண்டு சொல்வாள். கை தட்டாத குறை. வீட்டில் ஒரு பெண் குழந்தை உலகம் முழுவதையும் தவிலாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது, அம்மா வகுப்பில் நாயனத்தைப் பற்றி ஜம்பமடித்துக்கொண்டிருக்கிறாள். மாறனுடைய குரல் கிணற்றடியிலிருந்து வருகிற மாதிரிக் கனமான குரல், அவன் கூப்பிடுகிற பேரும் அம்மாடி, வாயை மூடித் திறந்தாலே வந்துவிடுகிற சத்தம், அது அவளுக்குப் போய்ச் சேரும். இவளுடையதோ கீச்சுக் குரல், கல்யாணத்துக்கு முன்னே அதைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. கூப்பிடுகிறதோ சுசி, பேர் முழுக்கக் காற்று, உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் சீறிவிட்டுப் போகிற பேர். அந்தப் பேரை வைத்தவளும் அவள்தான். கோபம் வந்தால் அவள் குரல் இன்னும் மேலே ஏறும். ஏற ஏறக் குழந்தைக்குக் குறைந்துகொண்டே போயிருக்கும், குறையக் குறையக் குழந்தை சும்மா நின்றிருக்கும், அது நிற்க நிற்க இவளுக்குக் கோபம் ஏறியிருக்கும். இதை ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டச் சொன்னால் அழகாகப் போட்டுக் காட்டுவாள்.

குளிர் இறங்கிக்கொண்டிருக்கிறது. கோடுகள் இன்னும் தணிந்துவிட்டன, கடைசிக் கோடு இரைச்சலோடு கலந்து இருக்கிறதா இல்லையா என்று ஆகிவிட்டது. வெளியாள் யாராவது பார்த்தால் குளிர்ந்தால் ஒலி நன்றாகத்தானே ஓட வேண்டும் என்பார்கள், படிகத்தில் அப்படித்தான், கண்ணாடியில் அப்படியில்லை, உள்ளே அணுக்களுக்கு வரிசை கிடையாது, இந்தக் குளிரில் அது இன்னும் அதிகமாகத் தின்னும். ஆனால் அதை நம்புவதற்கு முன் பசையைச் சந்தேகிக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் பாடம் அதுதான். எதிரொலி குறைந்ததா, உடனே கண்ணாடியைக் குற்றம் சொல்லாதே, முதலில் வில்லையையும் கண்ணாடியையும் சேர்க்கிற பசையைப் பார், குளிரில் அது விறைத்து விரிசல் விட்டிருக்கும், ஒலி உள்ளே போகவே போயிருக்காது, நீ கண்ணாடியைத் திட்டிக்கொண்டிருப்பாய். முதலில் பசை, பிறகு முனைகள், பிறகு கம்பி, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கண்ணாடி. பழகிப் பழகி அந்தப் புத்தி கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டதோ என்னவோ. சுசி பதில் சொல்லாதபோதெல்லாம் அவளுக்குக் குழந்தையின் காது ஞாபகமே வரவில்லை, தனக்கும் குழந்தைக்கும் நடுவில்தான் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்தாள். மூன்றாம் மாதத்திலேயே காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடி வந்தோமே, பால் மறக்கடித்தோமே, அதுதான், அதனால்தான் அப்பா என்றால் உயிர், அம்மா என்றால் வேண்டாதவள். இப்படி எத்தனை நாள் தலையணையை நனைத்திருக்கிறாள். எவ்வளவு சொகுசான அழுகை. தன்னைப் பற்றிய அழுகை. குழந்தை கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் உலகத்தில் எந்தப் படிக்காதவளும் காதைத்தான் பார்ப்பாள், பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பார்ப்பாள். இவள் தட்டையும் தட்டவில்லை, ஒன்றையும் தட்டவில்லை, பாசத்தை அளந்துகொண்டிருந்தாள், அது குறைந்திருக்கிறது என்றும் கண்டுபிடித்துவிட்டாள்.

சட்டையைத் தட்டை என்பாள் சுசி. சாரியைத் தாரி என்பாள், சீப்பைத் தீப்பு என்பாள். ரெண்டாம் வகுப்பு வந்தும் மழலை போகவில்லை என்று மாறன் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டு ரசித்தான், அரசிக்கு நாலு பேர் நடுவில் கூசியது. கூசியது, ஆமாம், அதையும் எடுத்து வெளியே வை, ஒளித்து என்ன ஆகப்போகிறது. சித்தி மகள் கல்யாணத்தில் பட்டுப்பாவாடை கட்டிவிட்டு எல்லாரிடமும் காட்டிக்கொண்டு போனாள், ஒரு பெரியம்மா கன்னத்தை வழித்து, "என்ன சாப்ட்ட கண்ணு?" என்று கேட்டாள், மண்டபம் முழுக்க இரைச்சல், சுசி ஒரு விநாடி அவள் உதட்டைப் பார்த்துவிட்டுத் தெளிவாக "ரெண்டாவது படிக்கிறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை அது. ஆனால் அந்தப் பெரியம்மா அரசியைப் பார்த்த பார்வை, புத்தி கொஞ்சம் மட்டோ என்று கேட்கிற பார்வை, அது நெருப்பாகச் சுட்டது. சுசியும் சிரித்தாள், எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே, ஏன் என்று தெரியாமல். குழந்தைக்குத் தெரிந்த உபாயம் அவ்வளவுதான், புரியாவிட்டால் ம் என்பது, இன்னும் புரியாவிட்டால் சிரிப்பது. வீட்டுக்கு வந்து அரசி கதவைத் தாழ் போட்டுவிட்டுக் குழந்தையை எதிரே நிறுத்திக் கத்தினாள். சுசி எப்போதும்போல முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணைக் கூடப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டு. அது அரசிக்குத் திமிராகப் பட்டது. திட்டும்போது இப்படி நிமிர்ந்து பார்க்கிற பிள்ளை உண்டா. "என்னடி முறைக்கிற? கீழ பாரு. கீழ பாருடி!" என்று தலையைப் பிடித்து அமுக்கினாள். அன்றைக்கு ஒரு நாளா. அதற்குப் பிறகு அது சட்டமாகிவிட்டது, அம்மா முகம் மாறினால் சுசி தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், முடிகிறவரை தரையைப் பார்க்க வேண்டும். நல்ல பிள்ளை, சீக்கிரம் கற்றுக்கொண்டாள். உதட்டைப் பார்த்துத்தான் அது பேச்சையே பிடித்துக்கொண்டிருந்தது, கிடைத்த ஒரே வழி அது, அதையும் அடைத்து, தரையைப் பார்க்க வைத்து, அதற்கு மேலிருந்து அவள் புத்தி சொல்லியிருக்கிறாள். மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறாள். கேட்டுக்கொண்டாயா என்று கடைசியில் ஒரு கேள்வி வேறு.

ஏசிக் காற்றில் கை சில்லிட்டது. வயிற்றில் சுசி இருந்தபோதும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், இதே கருவி, மேஜை விளிம்பு வயிற்றை இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில். அதனால் இருக்குமோ. சீ, என்ன பைத்தியக்காரத்தனம், பத்துக் கோடி அதிர்வு காற்றில் ஒரு மயிரிழை தூரம் தாண்டாது, கண்ணாடியை விட்டே வெளியே வராது, அதை உன்னைவிட யார் நன்றாகச் சொல்வார்கள். சொல்லலாம். பயம் என்ன பாடம் கேட்கவா வருகிறது. அது போனால் இது வரும், இதுதான் வரும், இதைத் தவிர்க்கத்தான் மனசு இவ்வளவு நேரம் வளைந்து வளைந்து வேறெங்கெல்லாமோ போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை நீண்ட கை எங்கே விழுந்தது? கன்னத்தில்தான். கன்னத்தில்தானே? நுரைக் கை, வழுக்கிற கை, சுசி அப்போதுதான் தலையைத் திருப்பினாள், அடி விழுந்தபோது சத் என்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு பார்த்தால் காது மடலில் நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. காது மடலில். கன்னத்தில் அடித்தால் நுரை ஏன் மடலுக்குப் போக வேண்டும். ஓரமாகத் தெறித்திருக்கும். அது முதல் அடியா, இல்லை, ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு தடவை, அதற்கு முன்னால் ஒரு தடவை, அப்போதெல்லாம் எங்கே விழுந்தது, யார் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள், ஆத்திரத்தில் ஓங்குகிறவள் இடம் பார்த்தா ஓங்குகிறாள். டாக்டர் ஒரு சின்ன விளக்கைக் காதுக்குள் விட்டுப் பார்ப்பாராம். பார்த்துவிட்டு நிமிர்ந்து அம்மா யார் என்று கேட்டால். அதுதான். நைட்ரஜனும் இல்லை, அளப்பதும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. குழந்தையின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் தன் கை தெரியும் என்று பயந்துதான் அவள் போகவில்லை. ஏழு வயசுக் குழந்தையைத் தெரியாத இடத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்த்தி, தலையில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்பார்கள், அது கேட்காததற்கும் கேட்டதாகக் கையைத் தூக்கும், திட்டுவார்களோ என்று தூக்கும், ம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய கை. அந்த நேரத்தில் அம்மா இங்கே உட்கார்ந்து பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போது திரை வெறிச்சென்றாகிவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக இல்லை, ஒரேயடியாக. முதல் துடிப்பு மட்டும் இடது ஓரத்தில் நின்றது, அதற்கப்புறம் தரையோடு தரையாக ஒரு கோடு. அரசி முன்னால் குனிந்து ஒரு திருகைத் திருகினாள், இன்னொன்றைத் திருகினாள். சகாயராஜ் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "பசை விட்டுடுச்சு மேடம்" என்றார். குளிரில் விறைத்து விரிசல் விட்டிருக்கிறது, வேறொன்றுமில்லை, மாதத்துக்கு ஒரு தடவை நடப்பதுதான். மறுபடி அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, புதிதாக ஒட்டி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "இனிமே இன்னைக்கு ஒண்ணும் ஆகாது. நான் மூடிர்றேன்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "நீங்க கிளம்புறதுன்னா கிளம்புங்க மேடம்" என்றார். அவர் முகத்தில் குத்தல் ஒன்றுமில்லை, வழக்கமான முகம்தான். அரசி தலையை ஆட்டினாள், எழுந்திருக்கவில்லை. காலையில் சமையலறையில் சொன்ன பொய் இப்போது முழுசாக உயிரை விட்டுவிட்டது, இனி யார் கேட்டாலும் சொல்வதற்கு ஒரு காரணம் இல்லை, அப்போதும் உட்கார்ந்திருந்தாள். அளப்பதற்கு ஒன்றுமில்லாத திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, மேஜை உறுமியது. கவிழ்த்து வைத்த போன் நகர்ந்து நகர்ந்து அவள் முழங்கையைத் தொட்டது.

"முடிஞ்சிடுச்சு" என்றான் மாறன். பின்னால் யாரோ பேர் கூப்பிடுகிற சத்தம், ஆஸ்பத்திரிச் சத்தம். "ரெண்டு காதும் ஒரே மாதிரிதான் இருக்கு அரசி. தணிஞ்ச சத்தமெல்லாம் நல்லா கேக்குது, மேல போகப் போக இறங்கிடுது. படம் போட்டுக் காட்டினாங்க, படிக்கட்டு மாதிரி இறங்குது, நீ பாத்தா உனக்குப் புரியும். நரம்புதானாம். பிறக்கும்போதே கொஞ்சம் இருந்திருக்கலாம், வர வர கூடியிருக்கும்னாங்க. மெஷின் வெச்சா கேக்குமாம், அடுத்த வாரம் அளவெடுக்க வரச் சொன்னாங்க." அவள் ம் என்றாள். சுசி மாதிரியே ம் என்று தனக்கே கேட்டது. பிறகு அவன் குரலை இன்னும் இறக்கிக்கொண்டு, "அடி கிடி பட்டா இப்படி வருமான்னு நானே கேட்டுட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னுட்டாங்க. இல்லவே இல்லைன்னாங்க" என்றான். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருந்தது, ஒரு மூச்சு நேரம் இருந்தது. உடனே அது உறைத்தது, அப்படியானால் இவனுக்குத் தெரிந்திருக்கிறது, காலையில் சரி என்றபோதே தெரிந்திருக்கிறது, அவள் எதற்குப் பயந்து இங்கே வந்து ஒளிந்திருக்கிறாள் என்று தெரிந்தே அவளுக்குப் பதிலாக அந்தக் கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறான். டாக்டர் அவனைப் பார்த்திருப்பார், அடிக்கிற அப்பன் என்று நினைத்திருப்பார். "அம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டாங்க" என்றான் மாறன். அவள் காத்திருந்தாள். "டீச்சர்னு சொல்லிட்டேன்." அரசி கண்ணை மூடிக்கொண்டாள். ஒலியியல் என்ற அந்தப் பலகையை அவள் பார்க்காமல் வந்ததுபோல அவனும் பார்க்காமல் கடந்துபோயிருக்கிறான், அவளுக்காக. திட்டியிருக்கலாம் அவன், ஒரு தடவையாவது வாயைத் திறந்து திட்டியிருக்கலாம். "நாங்க அந்தப் பக்கமாத்தான் வர்றோம், உன்னைக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றான். "வாங்க" என்றாள், குரல் கட்டிக்கொண்டதில் அது அவளுடைய குரலாகவே இல்லை, கனத்து இறங்கியிருந்தது.

அவர்கள் வருகிறவரை அவள் வார்த்தைகளைச் சேர்த்து வைத்தாள். முகத்துக்கு நேராக நின்று சொல்ல வேண்டும், மெதுவாகச் சொல்ல வேண்டும், கத்தக் கூடாது, உதடு தெரியச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தெரியவில்லைடா. நீ வேணும்னே செய்தாய் என்று நினைத்துவிட்டேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. அழக் கூடாது, அழுதால் உதடு கோணும், குழந்தைக்குப் புரியாது. சகாயராஜ் பாத்திரத்தின் மூடியைத் தூக்கியபோது வெள்ளை ஆவி தரையில் வழிந்து ஓடியது, சரியாக அந்த நேரத்தில் சுசி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் பாதி தின்ற ஐஸ்கிரீம், அதற்கு மேலே அகலத் திறந்த கண். "அப்பா, புகை!" என்று கத்தினாள். ஆவிக்குள் காலை விட்டு விட்டு எடுத்தாள். மாறன் வாசலிலேயே நின்றுகொண்டான், சகாயராஜ் எதையோ எடுக்கிற சாக்கில் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். அரசி நாற்காலியிலிருந்து இறங்கிக் குழந்தைக்கு முன்னால் முழங்கால் போட்டாள். தோள்கள் இரண்டையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். சுசி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். சிவந்த கண், இறுகிய தாடை, நடுங்குகிற உதடு, அந்த முகத்தைச் சுசிக்கு நன்றாகத் தெரியும், அது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். ஐஸ்கிரீமை ஒரு கையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டாள், தலையைக் குனிந்து தரையைப் பார்த்தாள். அரசி அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள், சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்துகொண்டிருந்தது, அம்மாவுக்குத் தெரியலடா, அம்மா தப்புப் பண்ணிட்டேன், எல்லாம் அந்தச் சின்ன வகிட்டின் மேல் விழுந்து விழுந்து போய்க்கொண்டிருந்தது. அவள் நிறுத்தினாள். சத்தம் நின்றதும், முடிந்துவிட்டது என்று நினைத்த சுசி, தரையைப் பார்த்தபடியே, "தாரிம்மா, இனிமே பண்ண மாட்டேன்" என்றாள்.

மோவாயைத் தொட்டு நிமிர்த்தலாம் என்று அரசி கையைத் தூக்கினாள், குழந்தையின் தோள் சட்டென்று காதுப் பக்கம் ஏறியதைப் பார்த்தாள், கையை இறக்கிவிட்டாள். ஐஸ்கிரீம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அவள் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தாள், கையை ஊன்றினாள், சில்லென்றிருந்த அந்தத் தரையில் ஒருக்களித்துச் சாய்ந்து, சுசியின் கண் எங்கே பார்த்துக்கொண்டிருந்ததோ அந்த இடத்துக்குத் தன் முகம் வந்து சேர்கிறவரை குனிந்தாள்.